பிடிவாதக்காரியின் பிரேக்

ருபியேலாவின் ஜீப்புக்கு முன் பம்பரில் வெள்ளைப் பெயின்டால் பெயர் எழுதியிருந்தது: பிடிவாதக்காரி. அவள் பிறப்பதற்கு முன்பே மலை ஏறிய வண்டி. சான் ஹெர்வாசியோ சதுக்கத்துக்கும் மேல்மலைத் தோட்டங்களுக்கும் நடுவே ஆட்களும் காப்பி மூட்டைகளும் வாழைத்தார்களும் அதில்தான் போய்வந்தன. உள்ளே இடம் இல்லாதவர்கள் பின் பம்பரில் தொற்றிக்கொள்வார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இடம் இருந்தாலும் பம்பர்தான்.

எந்தப் பழுதைத் தானே பார்ப்பது, எதைப் பட்டறைக்கு விடுவது என்பதில் அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. வண்டியை நடுவழியில் நிறுத்திவிடும் பழுது அவளுடையது. வண்டியை நிற்கவிடாத பழுது பட்டறைக்கார அர்செசியோவுடையது. முதலாவதில் தப்பு நேர்ந்தால் நடக்க வேண்டியிருக்கும். இரண்டாவதில் தப்பு நேர்ந்தால் நடக்க ஆள் இருக்காது.

அந்த வருடம் கணக்கு அவளுக்குச் சாதகமாக இருந்தது. பிரேக்கும் ஸ்டியரிங்கும் ஒரு தொல்லையும் தரவில்லை. கெட்டுப்போனதெல்லாம் அவள் பங்குப் பழுதுகள். இன்ஜினை இறக்கினாள். வால்வுகளைச் சமையல் மேஜையில் வைத்துத் தேய்த்து உட்காரவைத்தாள். பிஸ்டன் ரிங் மாற்றினாள். அந்த நாட்களில் அவள் வீட்டில் சுடும் அரேபா என்ற சோள அடையில் கிரீஸ் வாசனை அடித்தது என்று ஊரில் சொன்னார்கள்.

ஊர் கவனித்ததற்குக் காரணம் உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை வருடாந்தர ஜீப் ஊர்வலம். ஒவ்வொரு வண்டியும் ஒரு முழு வீட்டைச் சுமந்து வரும். கட்டில், அலமாரி, அடுப்பு, சட்டி பானை, மாதா படம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நாற்காலி. நாற்காலியில் வண்டிக்காரன் மனைவி, மடியில் கோழியோடு. புறப்படுமுன் ஓட்டுநர்கள் சர்ச் படிக்கு எதிரே பானெட்டில் கைவைத்து, போன ஊர்வலம் முதல் இந்த ஊர்வலம்வரை வண்டியில் யார் யார் கை பட்டது என்று சொல்ல வேண்டும். நிற்கிற யாரும் கேள்வி கேட்கலாம். வேறு கை படாத வண்டி முன்னால் போகும். அப்படி இரண்டு வண்டி இருந்தால், அதிக வேலை செய்த கைக்கு முதலிடம்.

பல வருடமாக முதலில் போனவன் ஹில்தார்தோ. இன்ஜினையே இறக்கி ஏற்றிய ஆள் யாரும் இந்த வருடம் இல்லை, ருபியேலாவைத் தவிர. ஒரு பெண் ஊர்வலத்தை நடத்திப் போனது அந்த ஊரில் கிடையாது.

"இன்ஜினெல்லாம் சரிதான் தோன்யா ருபியேலா," என்றான் ஹில்தார்தோ, சதுக்கத்தில் கறுப்புக் காப்பியை உறிஞ்சிக்கொண்டே. "மேல கட்டுற நாற்காலியில யாரை உக்கார வைக்கப் போறீங்க?"

அவளுக்குக் கணவன் இல்லை. நாற்காலியை வருடா வருடம் கட்டுவாள். அது காலியாகவே போய்வரும்.

"உங்க வாயை உக்கார வைக்கலாம்னு பார்க்கறேன். கட்டுறதுக்குத்தான் கயிறு போதாது."

வியாழக்கிழமை காலை, கழுத்தொடிச்சான் இறக்கத்தில், பிரேக் பெடல் கீழே போனது.

வண்டி நிறைய ஆள். ருபியேலா மறுபடி மிதித்தாள். பெடல் சேற்றில் கால் வைத்ததுபோல் இறங்கியது. கியரைக் குறைத்தாள். இன்ஜின் அலறி வேகத்தைப் பிடித்துக்கொண்டது. வளைவுக்கு முன்பே மேட்டுப்பக்கம் திருப்பி, மூக்கைக் களிமண் சரிவில் சொருகி நிறுத்தினாள்.

முன் சீட்டில் இருந்த கிழவர் தோன் எலியேசெர் தொப்பியைச் சரிசெய்தார்.

"வந்துட்டமா?"

"இல்ல தோன் எலியேசெர்."

"அப்புறம் ஏன் உங்க வண்டி சுவத்துக்கு முத்தம் குடுக்குது?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு கொஞ்சம் நீளமாகவே போனது. பின் பம்பரிலிருந்து ஒரு சிறுமி இறங்கி, மண்ணில் விழுந்த புத்தகப் பையை எடுத்துத் தட்டினாள். அழவில்லை. பையைத் தட்டிவிட்டுத் திரும்பப் பம்பரிலேயே ஏறி நின்றுகொண்டாள். இந்த வண்டி தன்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ருபியேலா அந்தக் கால்களைப் பார்த்தாள். பிறகு எல்லாரையும் இறங்கி நடக்கச் சொன்னாள்.

வண்டியை முதல் கியரில் மெல்ல வீட்டுக்குக் கொண்டுபோனாள். அன்று மத்தியானமே முற்றத்தில் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றினாள். மிதித்ததும் ஆயிலை நாலு சக்கரத்துக்கும் தள்ளுவது அதுதான். ரப்பர் கப்புகள் தேய்ந்திருந்தன. உள்சுவரைச் சூரியனுக்கு நேரே பிடித்தாள். அம்மைத் தழும்புபோல் சின்னச் சின்னப் புள்ளிகள்.

வேலிக்கு அந்தப்பக்கம் லியோனில்தே வந்து நின்றாள். ஹில்தார்தோவின் மனைவி, ருபியேலாவுக்குக் கொமாத்ரே. அவள் மூத்த மகளுக்கு ருபியேலாதான் ஞானத்தாய். லியோனில்தேவுக்கு ஒரு பழக்கம். வேலியோரம் எந்த வண்டி போனாலும் இன்ஜினைக் கேட்டு ஒரு குறை சொல்வாள். ஒரு பிளக் எரியல என்பாள். பெட்ரோல் அதிகமாக் குடிக்குது என்பாள். பேருந்து, பால் வண்டி, பிணவண்டி, எதையும் விட்டதில்லை. சொன்னது தப்பியதும் இல்லை.

"பிரேக்கா, கொமாத்ரே?"

"ம்."

"எங்க வீட்டுல அவர் குச்சியில மணல்தாளைச் சுத்தித் தேய்ப்பார்."

"எனக்கும் குச்சி இருக்கு."

"அப்ப தேய்ங்க."

ருபியேலா நிமிர்ந்தாள். "அவர் தேய்ச்ச பிரேக்கை நம்பித்தானே நீங்க அந்த நாற்காலியில உக்காந்து போறீங்க?"

"நம்பி யார் போறா? கண்ணை மூடிக்கிட்டுப் போறேன். மடியில இருக்கற சேவல்கூட மூடிக்கும்."

ருபியேலா தேய்த்தாள். புள்ளிகள் போய், உள்சுவர் கண்ணாடிபோல் ஆனது. புது ரப்பர் போட்டாள். ஆயில் ஊற்றிக் காற்றை வெளியேற்றினாள். மிதித்தாள். பெடல் கல்லாக நின்றது.

சந்தோஷம் வந்தது. அதை நம்பாமல் காலை எடுக்காமலே உட்கார்ந்திருந்தாள். கொய்யா மரத்தில் ஒரு பறவை வந்து, கொத்தி, போனது. கால் விரல்களுக்குக் கீழே ஏதோ நகர்ந்தது. ஒரு விரற்கடை. பெடல் மிக நிதானமாக, கள்ளன் கதவு திறப்பதுபோல், கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

ஊர்வல வேகத்துக்கு இந்தப் பிரேக் தாராளம். ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் முடித்து, திங்கட்கிழமை அர்செசியோவிடம் விட்டால் போகிறது. வேறு கை படவில்லை என்று பானெட்டில் கைவைத்துச் சொல்லலாம், பொய்யும் இல்லை. ஆனால் நடுவில் சனிக்கிழமை இருந்தது. சந்தை நாள். மூட்டைகளோடு எல்லாரும் அவளுக்காகக் கூட்டுரோட்டில் நிற்பார்கள். அந்தச் சிறுமி பம்பரில் நிற்பாள்.

தனியாகப் போவதென்றால் இந்தப் பிரேக் போதும். அவள் கால், அவள் கழுத்து.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் தனியாகவே கீழே இறக்கினாள். வழி நெடுக இரண்டாம் கியரைத் தாண்டவில்லை.

அர்செசியோ பட்டறை வாசலில் வாயில் அரேபாவோடு நின்றான். பம்பரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மென்று விழுங்கினான்.

"பின்பக்கமா கொண்டுவாங்க தோன்யா. கதவைச் சாத்திடறேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் நான் உங்களைப் பார்க்கவே இல்ல."

"இங்கேயே நிக்கட்டும்."

"இங்க நின்னா சதுக்கம் பூரா தெரியும்."

"அதான். பேர் தெரியற மாதிரி திருப்பி நிறுத்தறேன்."

திருப்பி நிறுத்தினாள். காலை முழுக்கச் சதுக்கம் வந்து பார்த்துவிட்டுப் போனது. வெற்றிலைபோல் மடித்த தொப்பியோடு ஹில்தார்தோவும் வந்தான்.

"பிடிவாதக்காரிக்கு உடம்புக்கு முடியலையோ?"

"ஆமா, டாக்டர்கிட்ட வந்திருக்கா. உங்களோடது எப்ப வந்துச்சு?"

"என்னோடது டாக்டர் முகத்தையே பார்த்ததில்ல."

"பிணம்கூடப் பார்க்காது தோன் ஹில்தார்தோ."

அர்செசியோ சிலிண்டரைத் திறந்து உள்ளே விரலை விட்டான். "தேய்ச்சது சுத்தமா இருக்கு. ஆனா இதுக்கு மேல தேய்க்க இதுல இரும்பு இல்ல. உள்ளுக்குப் புதுக் குழாய் அடிக்கணும்." அடித்தான். ருபியேலா ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கத்துக்கப் பார்க்கறீங்களா?"

"இல்ல. நீங்க ஒழுங்கா செய்யறீங்களான்னு பார்க்கறேன்."

வேலை முடிந்ததும் ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தாள். அர்செசியோ கைகழுவி, துடைத்து, இன்னொரு அரேபாவைத் தின்று முடிக்கும்வரை காலை எடுக்கவில்லை. பெடல் அசையவில்லை.

சனிக்கிழமை பிடிவாதக்காரி எல்லாரையும் சந்தைக்கு இறக்கியது. கழுத்தொடிச்சானில் ருபியேலா வேண்டுமென்றே ஒருமுறை நிறுத்தினாள்.

"வந்துட்டமா?" என்றார் தோன் எலியேசெர்.

"இல்ல. சும்மா."

ஞாயிற்றுக்கிழமை சர்ச் படிகளில் உட்கார இடம் இல்லை. மேளக்காரர்கள் ஒருபக்கம் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஊர்வலம் நடத்தும் தோன் உரியேல், கழுத்தில் விசிலோடு வண்டி வண்டியாக வந்தார். ருபியேலா பானெட்டில் கைவைத்தாள்.

"இன்ஜின் நான். வால்வு நான். ரிங் நான். கிளட்ச் நான். கார்புரேட்டர், ரேடியேட்டர், வயரிங் நான்." ஒரு மூச்சு விட்டாள். "பிரேக் அர்செசியோ. முதல்ல நான்தான் திறந்தேன். மூடினேன். அது பத்தல. இதுல பிள்ளைங்க ஏறுது. அதனால அவர்கிட்ட விட்டேன்."

படிகளில் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. தோன் உரியேல் தலையசைத்துவிட்டு நகர்ந்தார். கொஞ்சம் வருத்தப்பட்டதுபோல் தெரிந்தது.

அடுத்தது ஹில்தார்தோ. மேலே நாற்காலியில் லியோனில்தே, மடியில் சேவல். அவனுக்குக் கோழி பிடிக்காது.

"இந்த வண்டியில என் கை தவிர வேற கை படல," என்றான்.

"ஒரு கேள்வி," என்றாள் ருபியேலா. "பிரேக் யாரு பார்த்தது?"

"நான்தான்." நெஞ்சை நிமிர்த்தினான். "குச்சியும் மணல்தாளும். எவன் தயவும் இல்ல."

"அப்ப நீங்களே முன்னாடி போங்க. உங்க பிரேக்குக்கு முன்னாடி வண்டி ஓட்ட எனக்குத் தைரியம் இல்ல."

படிகளில் சிரிப்பு கீழிருந்து மேல்வரை ஏறியது. ஹில்தார்தோவும் சிரித்தான், மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம். அதற்குள் லியோனில்தே சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு அலமாரி வழியாக, கட்டில் வழியாக, ஒவ்வொரு காலாக இறங்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க போறீங்க?" என்றான் ஹில்தார்தோ.

"கொமாத்ரே வண்டிக்கு. அங்க நாற்காலி சும்மாதானே இருக்கு."

"இப்பவா? எதுக்கு?"

"கார்புரேட்டரை நான் பார்த்தேன். அது நல்லாருக்கு. பிரேக்கை நீங்க பார்த்தீங்க."

தோன் உரியேல் வாயிலிருந்து விசிலை எடுத்தார். "கார்புரேட்டரை யாரு பார்த்ததுன்னு சொன்னீங்க?"

"வீட்டுக்காரி கை, என் கைதானே," என்றான் ஹில்தார்தோ.

லியோனில்தே சேவலை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு மறுகையை விரித்துக் காட்டினாள். நகக்கண்ணில் கறுப்பு. "இது என் கை. அவரோடது அந்தா, மீசையில இருக்கு."

இப்போது யார் முதலில் போவது என்று யாருக்கும் தெரியவில்லை. படிகளிலிருந்து ஆளுக்கொரு பெயரைக் கத்தினார்கள். பிடிவாதக்காரி என்ற குரல்தான் அதிகம் கேட்டது. தோன் உரியேல் ருபியேலாவைப் பார்த்தார்.

"அவரே போகட்டும்," என்றாள் அவள். "முன்னாடி நிக்க மாட்டேன்னு சொன்னவ நான். சொன்னது சொன்னதுதான்."

லியோனில்தே ஏறினாள். அந்த நாற்காலியில் ஆள் உட்கார்ந்து ஊர் பார்த்தது அதுதான் முதல்முறை. சேவல் சுற்றிப் பார்த்தது. கண்ணை மூடவில்லை.

விசில் ஒலித்தது. ஹில்தார்தோ காலி நாற்காலியோடு முன்னால் போனான். சர்ச்சிலிருந்து பாலம்வரை தெரு நேரே கீழே இறங்கும். ருபியேலா அவனுக்குத் தாராளமாக இடைவெளி விட்டாள். பிறகு ஸ்டார்ட் செய்தாள். தெருவின் இருபக்கமும் பிள்ளைகள் வண்டியின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். இறக்கத்தில் பெடலைத் தொட்டாள். கல்.

மேலே லியோனில்தே தலையை ஒருபக்கம் சாய்த்து இன்ஜினைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ருபியேலா காத்திருந்தாள். பேக்கரி கடந்தது. மருந்துக்கடை கடந்தது. பாலம் வந்தது.

லியோனில்தே தலையை நிமிர்த்தினாள். சேவலின் இறகை நீவிவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை.

அவள் ஒன்றும் சொல்லாத இன்ஜின் அந்த மலையில் அதுவரை ஒன்றுதான் இருந்தது. அது அவள் வீட்டு வண்டியில், அவளே பார்த்தது.