விமானம் இறங்கிய பிறகு

மோட்டார் சைக்கிளில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, பல நாள் நடக்கும் சைக்கிள் பந்தயத்தை நேரலைக்குப் படம் பிடிப்பது கேமராக்காரரின் வேலை. வண்டி ஓட்டுவது மனைவியின் தம்பி. வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத நாட்களிலும் வண்டியில் முதுகோடு முதுகு ஒட்டித்தான் ஆக வேண்டும்.

அன்று காலையிலேயே கூட்டத்தைப் பிய்த்துக்கொண்டு தனியாக முன்னே போனான், ஒல்லி என்று எல்லோரும் கூப்பிடும் வீரன். ஜெயிக்கிற ஆள் இல்லை. அவன் அணியைக் கலைக்கப் போகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். டிவியில் முகம் தெரிந்தால் வேறு எவராவது கூப்பிடுவார்கள் என்ற நப்பாசையில்தான் உயிரைக் கொடுத்து மிதித்தான்.

மலையடிவாரத்தில் மழை பிடித்தது. கேமராப் படத்தை வாங்கி ஒளிபரப்பு லாரிக்கு அனுப்பும் சிறு விமானம் மேலே சுற்றிக்கொண்டிருந்தது. இடிக்குப் பயந்து அதைத் தரையிறக்கிவிட்டார்கள். ரோட்டிலிருந்து படமே வரவில்லை, எல்லைக்கோட்டில் நனைகிற குடைகளைக் காட்டி ஒப்பேற்றுகிறோம் என்று லாரியிலிருந்த இயக்குநர் காதுக்கருவியில் அலுத்துக்கொண்டாள்.

கேமராக்காரர் தோளிலிருந்து கேமராவை இறக்கப் போனார். ஒல்லி எட்டி மிதித்துப் பக்கத்தில் வந்தான்.

"அண்ணே, லைவ்ல இருக்கேனா?"

அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"இருக்க. மிதி."

ஒல்லி சட்டை ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, எழுந்து நின்று மிதித்தான்.

"ஏன் மாமா பொய் சொன்னீங்க?" என்றான் மைத்துனன். "நாளைக்கும் அவன் ஓட்டணும். தெரிஞ்சா கால்ல கொஞ்சம் தெம்பு மிச்சம் வெச்சிருப்பான்."

அவருக்கும் அது உறைத்தது. ஆனால் சொன்ன வார்த்தையை எப்படித் திரும்ப வாங்குவது? மலை உச்சிவரை கேமராவை இறக்காமல் பிடித்திருந்தார். அவ்வளவு நல்ல படம் அவர் எடுத்ததே இல்லை.

இறக்கத்தில் மொத்தக் கூட்டமும் ஒல்லியை விழுங்கியது. அதற்கப்புறம்தான் மழை விட்டு, விமானம் மறுபடி ஏறியது. கேமராவில் பதிவாகியிருந்ததில் கொஞ்சமாவது இரவுத் தொகுப்பில் போடும்படி கேட்டுப் பார்த்தார். ஜெயித்தவனுக்கே நேரம் போதவில்லை என்றாள் இயக்குநர்.

மறுநாள் காலை ஒல்லியே அவரைத் தேடி வந்தான். கண் குழிவிழுந்திருந்தது.

"யாருமே பாக்கலையாம்ணே."

"தப்பு என்னோடதுதான்ப்பா."

"சொல்லியிருந்தா கொஞ்சம் வேகத்தை விட்டிருப்பேன்," என்றான். குரலில் கோபம்கூட இல்லை.

அன்றைய பந்தயத்தில் முதல் மேட்டிலேயே பின்தங்கினான். விலகுகிறவர்களை ஏற்றிக்கொள்ளும் வேன் அவன் பின்னாலேயே ஊர்ந்தது. வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. படம் பளிச்சென்று போய்க்கொண்டிருந்தது.

"யாரோ நிறுத்தப் போறான்," என்றாள் இயக்குநர் காதில். "முகத்தை நெருக்கமாக் காட்டுங்க."

கேமராக்காரர் காட்டினார். ஒல்லி இறங்கி சைக்கிளைக் கொடுத்தான். முதுகில் குத்தியிருந்த பந்தய எண் துணியை வேன்காரர் ஊக்கு ஊக்காகக் கழற்றி எடுத்துக்கொள்ள, தலையைக் குனிந்து வேனில் ஏறினான். கதவு மூடியது.

"போதும், முன்னால போங்க," என்றாள் இயக்குநர். மைத்துனன் வண்டியை முறுக்கினான்.