தொட்டிக்கு வந்த வலை

தேயிலைத் தோட்டத்தில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் காலைப் பெரட்டு கலைந்து, பெண்கள் கொழுந்துக் கூடைகளோடு மலையேறிப் போன சற்று நேரத்தில், தோட்டத்து ஆபீசின் பெரிய கிளாக்கர் இக்னேசியஸ் ஐயாவின் ஆஸ்டின் கார் தொழிற்சாலைப் பட்டறை வாசலில் வந்து நின்றது. உள்ளே சோலைமலை, மூன்று நாளாக அடம்பிடித்துக்கொண்டிருந்த ஒரு பல்சக்கரத்தை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தான். குனிந்து குனிந்து முதுகு விட்டுப்போயிருந்தது. ஹாரன் சத்தம் கேட்டதும், எழுந்திருக்க ஒரு கையை முழங்காலில் ஊன்ற வேண்டியிருந்தது.

"சோலைமல, நம்ம வண்டி மூஞ்சிக்கு ஒரு வலை அடிக்கணும்ப்பா."

தோட்டத்தை நடத்தும் துரையின் புது லேண்ட்ரோவருக்கு முன்பக்கம் கம்பி வலை போட்டிருந்தது. அது தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து கிளாக்கருக்குத் தன் காரின் முகம் பிடிக்காமல் போய்விட்டது. அதை அப்படியே சொல்ல முடியுமா? ஆகவே காரணம் ஒன்று தயாராக வைத்திருந்தார்.

"லொறிக்குப் பின்னால போனா கல்லுத் தெறிக்குது. ரேடியேட்டர் ஓட்டையானா இந்தக் காலத்துல சாமான் எங்க கெடைக்கும்? பம்பருக்கு மேல, இந்த வாய் முழுக்க மறைக்கிற மாதிரி போடு."

"வலைக்கு எங்கங்க போறது?"

"ஸ்டோர்ல பித்தளை வலை கெடக்குல்ல, அதுல வெட்டிக்க."

சோலைமலை கையிலிருந்த துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான். ஸ்டோரில் கிடந்தது ஒரே ஒரு வலைதான். காட்டு ஓடைத் தண்ணீர் வந்து விழும் தொட்டியின் வாய்க்கென்று கொழும்பிலிருந்து வந்தது. அந்தத் தொட்டியிலிருந்துதான் தொழிலாளர் குடியிருக்கும் ஆறு லயங்களின் தண்ணீர்ப் பீலிக்கும் குழாய் போகிறது. இலையும் புழுவும் தவளையும் தண்ணீரோடு வருகிறதென்று தோட்டத்து மருந்து ஐயா இரண்டு வருஷம் எழுதி எழுதிக் கை ஓய்ந்தபிறகு வந்து சேர்ந்த வலை அது.

"அது தொட்டிக்கு வந்ததுங்களே, ஐயா."

"தொட்டி எங்கயும் ஓடிப்போகாது. அடுத்த தடவை எழுதறப்ப இன்னொண்ணு வரும். அதுவரைக்கும் ஒரு சாக்கை மடிச்சுக் கட்டு. என்ன?"

இந்த இடத்தில் சோலைமலைக்குச் சொல்ல இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று, சாக்கு மழைக்குத் தாங்காது. இரண்டு, தண்ணீர் வடிக்க வந்த நெருக்கமான வலையைக் கார் முகத்தில் கட்டினால் ரேடியேட்டருக்குக் காற்றுப் போகாது. ஏற்றத்தில் வண்டி கொதிக்கும். பதினெட்டு வருஷமாக இரும்போடு பிழைத்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அவன் வாயில் இருந்ததெல்லாம் ஒரே சொல். துரை கேட்டாலும், டீமேக்கர் கேட்டாலும், கணக்கப்பிள்ளை கேட்டாலும் அதேதான். பிறந்ததிலிருந்து அந்தச் சொல்தான் தோட்டத்தில் எல்லாருக்கும் சோறு போடுகிறது.

"சரிங்க" என்றான்.

வேலையை மட்டும் குறை சொல்ல முடியாது. தேயிலைப் பெட்டித் தகட்டில் கார் வாயின் அளவை எடுத்து, மெல்லிய கம்பியில் சட்டம் வளைத்து, மிச்சமில்லாமல் வலை முழுவதையும் சட்டத்தில் இழுத்துச் சுற்றிச் செப்புக் கம்பியால் தைத்தான். பம்பருக்குப் பின்னால் இரண்டு துளை, மேலே இரண்டு துளை போட்டு, நான்கு போல்ட்டில் பூட்டினான். வெயில் பட்டதும் பித்தளை தகதகவென்று மின்னியது. கிளாக்கர் காரை முன்னால் நின்று பார்த்தார், பக்கவாட்டில் நின்று பார்த்தார், பத்தடி தள்ளிப்போய்த் திரும்பி வந்தும் பார்த்தார்.

"ஒன் கைக்குத் தங்கக் காப்புப் போடணும்ப்பா" என்று சிகரெட் ஒன்றை நீட்டிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் சோலைமலை தொட்டிக்கு ஏறி, நாலாக மடித்த சாக்கை அதன் வாயில் கட்டிவிட்டு வந்தான். லயத்து அடுப்பில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி பேச்சியம்மா நிமிராமலே கேட்டாள்.

"தொட்டிக்கு வலை வந்திருக்காமே. பூட்டியாச்சா?"

"சாக்குக் கட்டியிருக்கேன். பூட்டிடலாம்."

"வலை வந்தப்புறம் எதுக்குச் சாக்கு?"

அவன் காது கேட்காதவன்போல மூன்று வயது மகள் பூரணியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். பேச்சியம்மாவுக்கும் அதற்குமேல் கேட்கத் தெம்பில்லை. பகல் முழுக்க மலையில் நின்ற கால், உட்காரத்தான் இடம் கேட்டது.

ஆடி மழை இறங்கியது. வட்டவளைப் பக்கத்து மழைக்கு விட்டுப் பெய்யும் பழக்கம் கிடையாது. ஒன்பதாம் நாள் சாக்கு கிழிந்து, ஓடை தன்னிடம் இருந்ததையெல்லாம் தொட்டிக்குள் கொட்டியது. பீலியில் தேநீர் நிறத்தில் தண்ணீர் வந்தது. பெண்கள் சேலை முந்தானையில் வடிகட்டிக் குடத்தில் பிடித்தார்கள். விறகு நனைந்திருந்தது, கொதிக்க வைக்க யாரிடமும் காய்ந்த விறகில்லை. ஒன்றிரண்டு நாளில் லயங்களில் பிள்ளைகளுக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் கண்டன. முதலில் வேலாயியின் மகன், அப்புறம் அந்தப் பக்கத்து வீட்டுக் காம்பராவில் மூன்று பேர், அதற்கடுத்த நாள் காலையில் பூரணி.

நடுப்பகலுக்குள் குழந்தையின் கண் உள்ளே போய்விட்டது. அழக்கூடச் சத்தம் வரவில்லை. மருந்து ஐயா அவள் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளின மடிப்பு அப்படியே நின்றது.

"இங்க வச்சிருந்தா புள்ள தப்பாது. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, இப்பவே!"

தோட்டத்து லொறி தேயிலை ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போயிருந்தது. துரை கொழும்பில். சோலைமலை ஆபீசுக்கு ஓடினான். இக்னேசியஸ் ஐயாவைப் பற்றி இதையும் சொல்ல வேண்டும்: அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. பேனாவை மூடக்கூட இல்லை; சாவியை எடுத்துக்கொண்டு குடையில்லாமல் ஓடிவந்தார். அவரும் லயத்துப் பக்கம் வளர்ந்த ஒரு கங்காணி மகன்தான். லயத்துப் பிள்ளைக்கு வயிறு போனால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

பேச்சியம்மா குழந்தையைச் சேலையில் சுற்றிக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். தோட்டத்துச் சேற்று ரோட்டைக் கடந்து கார் டிக்கோயா போகும் வழியில் அட்டன் ஏற்றத்தைப் பிடித்தது. மூன்றாவது வளைவில் ஒரு வாடை வந்தது. நான்காவது வளைவில் முன்பக்கமிருந்து வெள்ளையாக ஆவி சீறி, கண்ணாடியை மறைத்தது. கார் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

கிளாக்கர் பதறி இறங்கினார். "என்னடாப்பா இது? நேத்துதான தண்ணி ஊத்தினேன்!"

சோலைமலை முன்னால் போய்ப் பார்த்தான். பித்தளை வலையின் கண்கள் முழுவதும் சேறும் தேயிலைச் சருகும் அப்பி, சுவர் வைத்துப் பூசினதுபோல இருந்தது.

"காத்துப் போகலிங்க. வலை ரொம்ப நெருக்கம். சேறு வேற அடைச்சிருச்சு."

"அப்ப இது இப்பிடி ஆகும்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியுமுங்க."

"தெரிஞ்சு ஏம்ப்பா சொல்லல?"

"நீங்க போடச் சொன்னீங்க. நான் சரின்னேன்."

பின்கதவு திறந்தது. பேச்சியம்மா குழந்தையோடு மழையில் இறங்கி வந்து வலையைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"தொட்டிக்கு வந்த வலை இதுதானா?"

ஆமென்று அவன் தலையாட்டினான்.

"அங்க போட்டிருந்தா இவ படுத்திருக்க மாட்டா. இங்க போடாம இருந்திருந்தா இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பா. ரெண்டு எடத்துலயும் ஒன் கைதான்யா வேலை செஞ்சிருக்கு."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அந்த நேரத்தில் கினிகத்தேனைப் பக்கமிருந்து தேங்காய் லொறி ஒன்று முனகிக்கொண்டு ஏறி வந்தது. பேச்சியம்மா நடுரோட்டில் போய் நின்றாள். சிங்கள டிரைவர் பிரேக் போட்டு, ஏசுவதற்கு வாயைத் திறந்தவன், குழந்தையைக் கண்டதும் கதவைத் திறந்தான். "நகின்ன நங்கி, இக்மனட நகின்ன!" என்று, சீக்கிரம் ஏறச் சொல்லிக் கையை நீட்டி அவளை மேலே ஏற்றினான். முன்னால் இன்னொருவருக்கு இடமில்லை. லொறி வளைவில் மறைந்தது.

சோலைமலை ஸ்பேனரை எடுத்தான். நான்கு போல்ட்டையும் கழற்றினான். சூட்டில் இரண்டு விரல் வெந்தது, அவனுக்கு உறைக்கவில்லை. கிளாக்கர் ரோட்டோரத்து ஊற்றிலிருந்து தொப்பியில் தண்ணீர் மொண்டு வந்து வந்து ஊற்றினார். வண்டி ஆறி மறுபடி கிளம்ப அரைமணி நேரமாயிற்று.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பூரணியின் கையில் ஊசி குத்தி, போத்தலிலிருந்து மருந்துத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் போனால்தான் எதையும் சொல்லலாம் என்றார்கள். பேச்சியம்மா கட்டிலை விட்டு அசையவில்லை. சோலைமலை பக்கத்தில் போனபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரவே தோட்டத்துக்குத் திரும்பிய அவன், மறுநாள் காலையில் பெரட்டுக்குப் போகவில்லை. கழற்றின வலையைத் தோளில் போட்டுக்கொண்டு தொட்டிக்கு ஏறினான். மழை வெறித்து வானம் தெளிந்திருந்தது. கிழிந்த சாக்கை அறுத்தெறிந்து, உள்ளே இறங்கி அழுகின இலையையும் செத்த தவளைகளையும் வாளி வாளியாக அள்ளிக் கொட்டினான். வலையைக் கழுவி, தொட்டி வாய்க்கு ஏற்றாற்போலச் சட்டத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தபோது, மூச்சு வாங்கிக்கொண்டு கிளாக்கர் மேலே வந்தார்.

"யாரைக் கேட்டு வேலைய விட்டுட்டு இங்க வந்தே?"

"யாரையும் கேக்கலிங்க. கார்ல பூட்டறப்பயும் நாம யாரையும் கேக்கலியே."

கிளாக்கர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பதினாறு வருஷ உத்தியோகத்தில் அந்தத் தொட்டிக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. வெளியே குவிந்து கிடந்ததைப் பார்த்து மூக்கைப் பொத்தினார்.

"இந்தத் தண்ணியா எங்க குவாட்டர்ஸுக்கும் வருது?"

"இல்லிங்க. ஒங்களுக்கும் துரைக்கும் மேல ஊத்துத் தண்ணி. இது லயத்துக்கு மட்டுந்தான்."

கிளாக்கர் சப்பாத்தைக் கழற்றிக் கல்லில் வைத்துவிட்டு, காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். "எந்தப் பக்கம் புடிக்கணும்?" என்று கேட்டு, சோலைமலை முடுக்கி முடிக்கும்வரை வலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மூன்றாம் நாள் பூரணி கஞ்சி கேட்டாள். சோலைமலை கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வலை பூட்டின செய்தியைத் தயங்கித் தயங்கிச் சொன்னான். பேச்சியம்மா அவன் வெந்த விரல்களைப் பார்த்தாள்.

"ஐயா சொல்லிப் பூட்டுனீங்களா, நீங்களாப் பூட்டுனீங்களா?"

"நானாத்தான்."

"அதை மொதல்லயே செஞ்சிருக்கலாம்" என்றாள். குரலில் கோபம் தீர்ந்து களைப்பு மட்டும் மிச்சமிருந்தது. "அவரு எடுத்தாரு, எடுத்தாருன்னு அவரை மட்டும் சொல்லிப் பிரயோசனமில்லீங்க. ஒங்க கை இல்லாம அவரால அந்த வலையில ஒரு முழம் வெட்டியிருக்க முடியுமா? ஊரு சொத்தை எடுக்கிறவனுக்குத் தைரியம் குடுக்கிறதே நம்ம 'சரிங்க'தான். தப்புன்னு தெரிஞ்சும் சரிங்கறவனுக்கும் அந்தத் தப்புல சரிபாதி இருக்கு. அந்தப் பாதிக்குத்தான் நம்ம புள்ள இந்தக் கட்டில்ல கெடக்கிறா."

சோலைமலை வாய் திறந்தான். பழகின அந்தச் சொல்தான் முதலில் நாக்கு நுனிக்கு வந்தது. அதை விழுங்கிவிட்டு, கஞ்சிக் கோப்பையை அவள் கையிலிருந்து வாங்கி மகளுக்கு ஊட்டத் தொடங்கினான்.