கொடுத்ததைக் கொடுத்தபடி

பல்செட்டுக்காரருக்கு அந்த அம்மாளைப் பார்த்த மாத்திரத்திலேயே பிடிக்கவில்லை. பழக்கமில்லை, ஆனால் முகம் தெரியும். தொலைபேசிக் கம்பெனியின் விளம்பரத்தில், டிவித் திரையின் மூலையில் ஒரு சின்ன வட்டத்துக்குள் நின்று, சைகை மொழியில் கம்பெனியின் பெருமையை அளக்கிறவள் அவள்தான். காது கேளாதவர்கள் ஆளுக்குப் பெயர் வைக்கச் சோம்பல்படுவதில்லை. பார்த்ததும் ஒரு சைகையை ஒட்டிவிடுவார்கள். இவளுக்கு ஒட்டியது காற்றில் ஒரு வட்டம். அந்த வட்டத்தம்மாதான் இன்று அவருக்கு வாய்.

பிறவியிலேயே காது கேளாதவர் அவர். பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் வரிசை செய்து கொடுக்கும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். நாளெல்லாம் ஊரார் வாயின் அச்சோடு புழங்குவதால், மனிதர்களையும் வாயை வைத்தே எடை போடுவார். பாதி நேரம் சரியாக இருக்கும். மீதி நேரம் வம்பில் மாட்டிக்கொள்வார்.

காது கேளாதோர் சங்கம் அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருந்தது. அரசாங்கம் கொண்டுவந்த புதிய தொலைத்தொடர்பு மசோதாவைப் பற்றிப் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று ஒரு குழு அறிவித்திருந்தது. இணையக் கம்பி வழியாகப் போகும் எல்லாவற்றையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்பது பழைய விதி. புதிய மசோதா அதைத் தூக்கிவிட்டு, எது வேகமாகப் போகும், எது மெதுவாகப் போகும், எதற்குத் தனிக் கட்டணம் என்பதையெல்லாம் கம்பெனிகளே பார்த்துக்கொள்ளட்டும் என்றது. முகத்துக்கு முகம் பார்த்துப் பேசும் வீடியோவைத் தனிச்சேவை என்ற கணக்கில் சேர்த்திருந்தார்கள்.

இதில் அவருக்கு என்ன வந்தது என்றால், மனைவி வந்தது. அவர் மனைவிக்கும் காது கேட்காது. வேறு ஊரில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. மாதம் ஒருமுறை வருவாள். மற்ற நாளெல்லாம் அவர்களுடைய குடும்பம் நடப்பது கைபேசித் திரையில்தான். கொஞ்சலும் அதில்தான், சண்டையும் அதில்தான். கோபம் வந்தால் அவள் கண்களை இறுக மூடிக்கொள்வாள். அதற்கப்புறம் இவர் எவ்வளவு கையை ஆட்டினாலும் ஒன்றும் ஆகாது. போன வருஷம் அவள் ஊரில் கம்பெனி இதைச் சோதனை பார்த்தது. வீடியோ நொண்டியது. அவள் கை ஒரு பேச்சைத் தொடங்கும், அப்படியே உறைந்து நிற்கும், மறுபடி அசையும்போது பேச்சு முடிந்திருக்கும். நடுவில் என்ன சொன்னாள் என்று தெரியாமல் இவர் ஒன்றைச் சொல்ல, அவள் ஒன்றை நினைக்க, சண்டை வளர்ந்து அவள் அந்த மாதம் வீட்டுக்கே வரவில்லை. ஊரார் கூச்சலில் சோதனையை நிறுத்தினார்கள். இப்போது அதையே சட்டமாக்கப் போகிறார்கள். சட்டம் வந்தால் பெண்டாட்டியோடு பேச்சு அறுந்துபோகும், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த அரசியல்.

சங்கத்துக்கு வழக்கமாக வரும் மொழிபெயர்ப்பாளருக்கு அன்று பார்த்துக் கண்வலி. கண் சிவந்து வீங்கிப்போனால் சைகையை எப்படிப் பார்ப்பது? குழுவின் அலுவலகமே ஓர் ஆளை அனுப்பியது. அந்த ஆள் வட்டத்தம்மா. கண்வலி கூட இவ்வளவு கச்சிதமாக வருமா என்று பல்செட்டுக்காரர் யோசித்தார்.

யோசித்து முடிப்பதற்குள் இன்னொன்றையும் பார்த்தார். தாழ்வாரத்துக் காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் அவள் கம்பெனியின் சட்ட ஆலோசகரோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த ஆலோசகருக்கு முப்பத்திரண்டும் சொந்தப் பல், அதுவும் துளிக் கறையில்லாமல். அப்படிப்பட்ட வாயை அவர் என்றைக்கும் நம்பியதில்லை.

"கம்பெனி ஆளோட என்ன சிரிப்பு?" என்று கையால் நேராகவே கேட்டார்.

"அவர் பேரைச் சைகையில எப்படிச் சொல்றதுன்னு கேட்டார். சொல்லிக் காட்டினேன்" என்று அவளும் கையால் சொன்னாள். "நீங்க என்ன சொல்றீங்களோ அதை அப்படியே சொல்வேன். நீங்க 'நான்'னு சொன்னா நானும் 'நான்'னுதான் சொல்வேன். என் சொந்தச் சரக்கு ஒண்ணும் இருக்காது. அதுதான் எங்க விதி."

விதி இருக்கட்டும். விதியை மீறினால் காதில் விழுகிறவர்களுக்குத்தானே தெரியும்? பல்செட்டுக்காரர் தலையை ஆட்டிவைத்தார்.

கூடத்தில் குளிர்சாதனம் வேலை செய்யவில்லை. மேசைக்குப் பின்னால் குழுவினர் வேர்த்து வழிந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவர், மேல்வரிசை செட்டு, கொஞ்சம் தளர்வு, மட்டமான வேலை. அவருக்கு முன்னால் ஒலிவாங்கியோடு வட்டத்தம்மா இவரைப் பார்த்து உட்கார்ந்தாள். மேசையில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. அது சிவப்பானால் பேச்சை முடித்துவிட வேண்டும்.

அவர் தொடங்கினார். மனைவியைச் சொன்னார், உறைந்து நின்ற கையைச் சொன்னார், வராமல் போன மாதத்தைச் சொன்னார். பட்டறையில் எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்த பேச்சு. சங்கத்தில் அதைச் சொல்லிக் காட்டியபோது இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இங்கே ஒரு முகமும் அசையவில்லை. ஓர் உறுப்பினர் விசிறியாகத் தாளை ஆட்டினார். இன்னொருவர் கைபேசியை நோண்டினார். தலைவர் கொட்டாவியை மென்று விழுங்கினார்.

வட்டத்தம்மாவின் உதடுகளைக் கவனித்தார். அவர் நீளமாக ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் வாய் மூடிவிடுகிறது. அவ்வளவு பேச்சும் இரண்டு உதட்டசைவுக்குள் எப்படி அடங்கும்? பாதியை விழுங்குகிறாள். கம்பெனிக்குக் கசக்கிற பாதியைத்தான் விழுங்குவாள், வேறெதை. அவருக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

விளக்கு மஞ்சளாகியது. புத்தியுள்ளவன் அந்த நேரத்தில் முக்கியமான விஷயத்துக்கு வருவான். பல்செட்டுக்காரர் சோதனை பார்க்க இறங்கினார். தலைவரின் தலையைப் பார்த்தார். வேர்வையில் முடிச்சாயம் கரைந்து வலது காதோரம் கறுப்பாக ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது. கூடத்தில் எல்லாரும் பார்த்திருப்பார்கள், எவனும் சொல்லியிருக்க மாட்டான்.

"தலைவரே, உங்க முடிச்சாயம் காதுல வழியுது. இந்த வயசுல எதுக்கு இந்த வேஷம்?" என்று கையால் சொன்னார்.

வட்டத்தம்மாவின் கண்கள் ஒரு கணம் அவர் முகத்திலேயே நின்றன. பிறகு அவள் வாய் திறந்தது.

தலைவரின் கை காதுக்குப் போனது. விரல் கறுப்பாக வந்தது. விசிறிக்கொண்டிருந்தவர் தாளால் வாயை மூடிக்கொண்டார். கைபேசிக்காரர் நிமிர்ந்தார். அத்தனை பேரும் முதல்முறையாக விழித்துக்கொண்டார்கள். அப்படியென்றால் இதற்கு முன்னால் சொன்னதெல்லாமும் போய்ச் சேர்ந்திருக்கிறது. சேர்ந்தும் ஒரு முகமும் அசையவில்லை. சாயத்துக்குத்தான் அசைந்தது. இதை அவர் எதிர்பார்க்கவில்லை.

தலைவரின் வாயசைவு அவருக்கே புரிந்தது. "யார் சொன்னது இது? நீங்களா, அவரா?"

அவர்தான் என்று ஒரு சொல் சொல்லித் தப்பித்திருக்கலாம் வட்டத்தம்மா. சொல்லவில்லை. தன் சார்பில் பேச அவளுக்கு அங்கே உரிமையில்லை. தலைவர் முறைத்துக்கொண்டிருக்க, அந்தக் கேள்வியைக் கையில் எடுத்து அப்படியே இவர் பக்கம் திருப்பினாள். பல்செட்டுக்காரருக்கு உடம்பெல்லாம் குறுகிப்போனது.

"நான்தான்" என்றார். அதற்கப்புறம் ஒத்திகை பார்க்காத ஒன்று அவர் கையில் வந்தது. "மன்னிக்கணும். இந்தம்மாவை நான் நம்பல. கம்பெனி விளம்பரத்துல நிக்கறவங்க, காசு வாங்கிட்டு என் பேச்சை வெட்டுவாங்கன்னு நினைச்சேன். என் பேச்சு வந்து சேருதான்னு பார்க்கத்தான் அப்படிச் சொன்னேன். தனக்குக் கெட்ட பேர் வரும்னு தெரிஞ்சும் அவங்க ஒரு சொல்லை மறைக்கல. நாங்க கம்பிகிட்ட கேக்கறதும் இதுதான். எது பெருசு எது சின்னதுன்னு நடுவுல நிக்கறவங்க முடிவு பண்ணக்கூடாது. கொடுத்ததைக் கொடுத்தபடி சேர்க்கணும். கம்பெனி இந்தம்மா மாதிரி இருக்கட்டும், அது போதும்."

அவள் முகம் சிவந்திருந்தது. பேசினாள். சீக்கிரமே பேசி முடித்துவிட்டாள். பல்செட்டுக்காரரின் மனசில் மறுபடி அந்தப் பழைய பூச்சி ஊர்ந்தது. இப்போதுதானே சோதித்துப் பார்த்தாய், இன்னுமா உனக்குப் புத்தி வரவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டு எழுந்தார். விளக்கு சிவப்பாகியிருந்தது.

வெளியே தாழ்வாரத்துக்கு வந்ததும் மனைவி வீடியோவில் வந்தாள். குழுவின் விசாரணையைக் கணினியில் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேமரா பின்னாலிருந்ததால் இவர் முதுகுதான் தெரிந்ததாம், கை தெரியவில்லையாம்; பேசுவது மட்டும் கீழே எழுத்தாக ஓடியதாம்.

"சாயத்தைப் பத்திக் கேட்டப்ப சிரிச்சு எனக்கு வயிறு வலிச்சுடுச்சு" என்றாள். "ஆனா கடைசில ஏன் மன்னிப்பு கேட்டுட்டு ஓடி வந்துட்டீங்க?"

"ஓடலையே. அதுக்கப்புறம்தான் பெரிய விஷயமே சொன்னேன்."

"என்ன சொன்னீங்க? 'மன்னிக்கணும், என் பேச்சு வந்து சேருதான்னு பார்க்கத்தான் அப்படிச் சொன்னேன். எது பெருசு எது சின்னதுன்னு நடுவுல நிக்கறவங்க முடிவு பண்ணக்கூடாது. கொடுத்ததைக் கொடுத்தபடி சேர்க்கணும். நன்றி.' இவ்வளவுதான் வந்துச்சு."

அவர் இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார். இரண்டு தடவையும் அதேதான்.

வட்டத்தம்மா தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோது அவர் எதிரே போய் நின்றார். "வெட்டிட்டீங்க" என்றார்.

அவள் மறைக்கவில்லை. "என்னைப் பத்தி அவ்வளவு பெருமையா என் வாயால நானே எப்படிச் சொல்றது? 'நான் இந்தம்மாவை நம்பல, இந்தம்மா மாதிரி இருக்கட்டும்'னு நானே உட்கார்ந்து பேசினா பைத்தியம்னு நினைப்பாங்க. கூச்சமா போச்சு. மத்ததெல்லாம் சொல்லிட்டேனே."

"மத்ததை எனக்கு முன்னாடி வந்த எல்லாரும் சொல்லிட்டாங்க. நான் சொல்ல வந்தது அதுதான்."

"நான் கம்பெனி ஆள் இல்லைங்க. விளம்பரத்துக்குக் கூப்பிட்டாங்க, போனேன். நீங்க பல்லு கட்டின ஆளுக்கெல்லாம் நீங்க சொந்தமா?"

நியாயமான கேள்விதான். இன்னொரு நாளாக இருந்தால் அவரும் சிரித்திருப்பார். "காசு வாங்கிட்டு வெட்டினா என்ன, கூச்சத்துல வெட்டினா என்ன?" என்றார். "போய்ச் சேரலையே."

அவள் கையிலிருந்த தம்ளர் அப்படியே நின்றது. தம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுக் கூடத்துக்குள் போனாள்.

அவரும் பின்னாலேயே போகப் பார்த்தார். முறை முடிந்தவர்களை மறுபடி விடமாட்டோம் என்று வாசல் காவலாளி கையை நீட்டித் தடுத்தார். கதவில் கண்ணாடி இருந்தது. உள்ளே சாட்சி நாற்காலியில் கம்பெனியின் சட்ட ஆலோசகர் பேசிக்கொண்டிருந்தார். வட்டத்தம்மா அவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். இவருக்குத் தெரிந்தது அவள் முதுகு மட்டும்தான். இப்போது அவள் என்ன சொன்னாலும் இவருக்குத் தெரியப்போவதில்லை. உடம்புக்கு முடியவில்லை, வீட்டுக்குப் போகிறேன் என்று கூடச் சொல்லலாம்.

கைபேசியைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். "என்ன வருதுன்னு அப்படியே சொல்லு" என்று மனைவியிடம் கேட்டார்.

மனைவி கணினித் திரையைப் படித்துப் படித்துக் கையால் சொன்னாள்.

"தலைவர் சொல்றார், 'உட்காருங்க, உங்க வேலை முடிஞ்சுது.' அந்தம்மா சொல்றாங்க, 'முடியலைங்க. மொழிபெயர்ப்புல ஒரு பிழை. பிழை என்னோடது. திருத்தணும்.' அந்தக் கம்பெனிக்காரர் சொல்றார், 'என் நேரம் போகுது.' தலைவர் யோசிக்கறார். 'சீக்கிரம் சொல்லுங்க.'"

மனைவியின் கை ஒரு நொடி நின்றது. படம் உறையவில்லை, அவள்தான் நிறுத்தியிருந்தாள். பிறகு தொடர்ந்தாள்.

"'இந்தம்மாவை நான் நம்பல. கம்பெனி விளம்பரத்துல நிக்கறவங்க, காசு வாங்கிட்டு என் பேச்சை வெட்டுவாங்கன்னு நினைச்சேன்.'" மனைவி இவரை உற்றுப் பார்த்தாள். "இதையா சொல்லச் சொன்னீங்க? பக்கத்துலேயே அந்தக் கம்பெனிக்காரர் உட்கார்ந்திருக்கார்."

பல்செட்டுக்காரர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். காலையில் காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் சிரித்த அந்த ஆலோசகர் இப்போது சிரிக்கவில்லை. வட்டத்தம்மாவை ஒரு பார்வை பார்த்தார், நாற்காலியை அவளிடமிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டார், பக்கத்திலிருந்தவனிடம் ஏதோ சொன்னார். இனி அந்த வட்டத்துக்குள் வேறொரு ஆள்தான் நிற்கப்போகிறார் என்பது இவருக்குப் புரிந்தது. அவளுக்கு அது முன்பே தெரிந்திருக்கும். கூச்சம் என்றாளே, அது முழுக்கக் கூச்சம்தானா? தெரியவில்லை. போய்ச் சேரவில்லை என்று இவர் சொன்ன பிறகும் பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம் அவள். போகவில்லை.

மனைவி கடைசிச் சொல்வரைக்கும் சொன்னாள். அவர் கொடுத்தது அப்படியே இருந்தது. 'கம்பெனி இந்தம்மா மாதிரி இருக்கட்டும்' என்பதும் இருந்தது.

"தலைவர் என்ன சொல்றார்?"

"ஒண்ணும் சொல்லல. எழுதிக்கிட்டிருக்கார்." மனைவி திரையை இன்னொரு தடவை பார்த்தாள். "அந்தம்மா வெளியில வராங்க."

அவர் கைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்தார். கதவு திறந்தது. ஒரு ஆளை நம்பாமல் பேச வாழ்நாளெல்லாம் பழகிய அவருடைய கைகள், ஜன்னல் கட்டையிலிருந்த தம்ளரை எடுத்து அவளிடம் நீட்டின.