ஏழாவது முளை

ஏழாவது இரும்பு முளையருகே முழங்காலை ஊன்றி, டேப்பை இறுக்கிப் பிடித்தபடி, எண்ணின் மேல் அப்பியிருந்த சேற்றை விரலால் துடைத்தாள் பூரணி. நேற்று அவள் அளந்து வந்து சொல்ல, அண்ணன் கொப்பியில் எழுதிய எண் அவளுக்கு மனப்பாடம். இன்று அதைவிட ஓர் அங்குலம் கூடியிருந்தது. டேப்பின் மறுநுனி மேலே பாறையில் அடித்த ஆணியில் மாட்டியிருந்தது. பாறை நகராது. அப்படியானால் முளைதான் கீழே போயிருக்கிறது. முளையோடு தேயிலையும், தேயிலையோடு மலையும். தளர்த்தி மறுபடி இழுத்துப் பார்த்தாள். அதே எண்தான்.

கீழே மழைக்குள் தோட்டத் தொழிலாளர் லயத்தின் தகரக் கூரை தெரிந்தது. ஒட்டி ஒட்டிப் பன்னிரண்டு காம்பரா, ஒற்றை அறை வீடுகள். அதில் ஒன்றில்தான் அவளும் புருஷனும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள்.

அவளுடைய அண்ணன் அழகுமுத்து அந்த லயத்தில் பிறந்து, கொழும்புப் பல்கலைக்கழகம் வரை போய்க் கணிதம் படித்தவன். பூமியின் ஈர்ப்பு இடத்துக்கு இடம் எவ்வளவு மாறுகிறதென்று அளந்து, மண்ணுக்கடியில் என்ன இருக்கிறதென்று கணக்குப் போடும் வேலையில் மூன்று வருடம் இருந்தான். பிரஜாவுரிமைச் சட்டம் வந்த பிறகு, அப்பா இந்த நாட்டில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். அப்பா பிறந்தது இந்தியாவில், துறையூருக்குப் பக்கத்தில். வேலை போயிற்று. அழகுமுத்து ஒரு தகரப் பெட்டியோடு பூண்டுலோயாவில் பஸ்ஸை விட்டு இறங்கி, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரானான்.

வந்த வருடமே லயத்துக்கு மேலேயுள்ள சரிவில் பதினோரு இரும்பு முளைகளை அடித்தான். ஏழு வருடம், வாராவாரம் அளந்தான். மழையையும் அளந்தான். மலை சும்மா நிற்கவில்லை, வருடத்துக்கு விரற்கடை நகர்கிறது என்று கண்டான். நகர்வு ஒரே சீராக இருக்கிறவரை பயமில்லை. நாளுக்கு நாள் இரட்டிக்கத் தொடங்கினால் மலை இடிகிற நாளை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று ஒரு சமன்பாடு எழுதினான். அவனுக்குத் தெரிந்து அதற்கு முன் யாரும் அப்படிச் செய்ததில்லை. இங்கிலாந்துச் சஞ்சிகை ஒன்று அதை அச்சிட்டது. தோட்டத்தை நடத்தும் தொரை அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, லயத்தை மாற்றுகிற பேச்சே வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தார். தொழிற்சங்கத் தலைவர் பழனியாண்டி மட்டும், வாத்தியார் என்றைக்குச் சொல்கிறாரோ அன்றைக்கு ஆட்களை வெளியே எடுத்துவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

இந்த மார்கழியில் மழை விடவே இல்லை. முந்தாநாள் கால் அங்குலம். நேற்று அரை அங்குலம். இன்று ஓர் அங்குலமானால் மலை இரண்டு நாள் தாங்காது, லயத்தில் யாரும் இருக்கக்கூடாது, நானே போய் ஒவ்வொரு கதவாகத் தட்டுவேன் என்று அழகுமுத்து சொல்லியிருந்தான். சயரோகம் அவனை எலும்பாக்கியிருந்தது. நேற்றுச் சரிவுக்குப் போகிறேன் என்று எழுந்தவன் படியிலேயே விழுந்து இரத்தமாக வாந்தி எடுத்தான். இன்னொரு தரம் எழுந்தால் அதோடு சரி என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணனுக்கு ஒன்றும் சொல்லாமல் பழனியாண்டியிடம் மட்டும் சொல்லிவிடுவதென்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள் பூரணி. சரிவுக்கு அப்பால் மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்தை ஒட்டிய அண்ணனின் அறைக்குள் நுழைந்தபோது பழனியாண்டி கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"எவ்வளவு?" என்றான் அழகுமுத்து. ஒரு கையை ஊன்றி அப்போதே பாதி எழுந்திருந்தான்.

"நகரல அண்ணே. நேத்து இருந்த மாதிரியேதான் இருக்கு."

"டேப்ப இறுக்கி இழுத்தியா?"

"ரெண்டு தரம் இழுத்தேன்."

அவளுக்கு அளக்கக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான். அவள் தப்பாக அளக்கமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். மெல்லச் சாய்ந்து படுத்தான். தூங்கிவிடுவான் என்று அவள் நினைத்தாள்.

"தலைவரே," என்றான் கண்ணைத் திறக்காமல். "என் கணக்கு தப்பு. மலை நகர்றது நிக்கக்கூடாது. நின்னுருச்சு. இனிமே ஆளுங்களப் பயமுறுத்த வேணாம்."

பழனியாண்டி குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். பின்னாலேயே போகப் பூரணி அடியெடுத்து வைத்தாள். அண்ணன் அவள் மணிக்கட்டைப் பிடித்து, கொப்பிகளைக் கேட்டான்.

ஏழு வருடக் கொப்பிகளையும் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் தேடினான். எங்கே பிழை என்று தேடினான். ஓரிடத்தில் நின்று, உதடசைத்துப் பெருக்கிப் பார்த்து, சரியாகத்தான் இருக்கிறதென்று தலையசைத்து அடுத்த பக்கம் போனான். சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தாள். சொன்னால் எழுந்துவிடுவான். கஞ்சியை ஆற்றிக்கொண்டு வந்து வைத்தாள். தொடவில்லை.

"எங்கன்னு தெரியல புள்ள," என்றான் ஒரு தரம்.

இனி அவனால் எழ முடியாது, சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றியபோது பகல் பன்னிரண்டு தாண்டியிருந்தது. அருகில் போய்ப் பார்த்தாள். அழகுமுத்துவின் கண் திறந்துதான் இருந்தது. மூச்சு இல்லை.

இழவுக்குத் தப்பு மேளம் ஏற்பாடு செய்ய வந்த பழனியாண்டியிடம் அன்று சாயந்திரமே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அவள் தலையில் கை வைத்தார்.

"அண்ணன் பேரு கெட்டுறக் கூடாதுன்னு சொல்ற தாயி. எனக்குப் புரியுது."

"இல்ல மாமா. நீங்களே வந்து பாருங்க."

"பாத்தா எனக்கு என்னா தெரியும்? மலை மலையாத்தான் நிக்கிது. சாகப்போற மனுசன் தன் வாயாலயே தப்புன்னு சொன்னாரு. அதுக்கு மேல நான் என்னாத்த சொல்லி ஆளுங்கள மழையில எறக்குறது?"

மறுநாள் காலை வாய்க்கரிசி போடும்போது அவள் குனிந்து அண்ணன் காதருகே வாயை வைத்தாள். "ஒரு இஞ்சுண்ணே. நீ சொன்ன மாதிரியே ஒரு இஞ்சு." ஒப்பாரி என்று நினைத்து மற்றப் பெண்கள் குரலை உயர்த்தினார்கள். அவள் திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருக்க, பக்கத்துக் காம்பரா வீரம்மா அவள் தோளைப் பிடித்துத் தூக்கினாள்.

ஆண்கள் மயானத்துக்குப் போன நேரத்தில் தோட்டத்து ஆபீசுக்கு ஓடினாள். தொரை நுவரெலியாவில் இருப்பதாகவும், வாத்தியார் கடைசியில் தப்பை ஒத்துக்கொண்டாரென்று நேற்றே கேள்விப்பட்டதாகவும், இழவு வீட்டுக்காரி இப்படி வெளியே திரியக்கூடாதென்றும் கிளாக்கர் சொன்னார். லயத்துக்கு வந்து ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். பாவம் என்று பார்த்தார்கள். சிலர் அழுதார்கள். ஒருத்தி தேத்தண்ணி கொடுத்தாள். கிழவி வேலாயி மட்டும், தன் காம்பராவில் எப்படியும் ஒழுகுகிறது என்று கம்பளியைச் சுருட்டிக்கொண்டு கூட வந்தாள்.

பிள்ளைகளையும் பாய்களையும் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து சேர்த்தபோது புருஷன் சின்னத்தம்பி மயானத்திலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு வந்திருந்தான். பெஞ்சுகளை நகர்த்திப் பாய் விரித்திருப்பதைப் பார்த்தான்.

"நீங்களும் இங்கயே இருந்துருங்க," என்றாள் பூரணி.

"லயத்துல மாடு கத்திக்கிட்டு இருக்கு."

"அத அவுத்து விட்டுட்டு வந்துருங்க."

"மழையில எங்க போகும் அது?" என்றான். "நீ ரெண்டு நாளைக்கு இங்க கெட. மனசு ஆறட்டும்."

புல்லுக்கட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு சரிவுப் பாதையில் இறங்கினான். அவள் தாழ்வாரக் கம்பத்தைப் பிடித்தபடி நின்றாள். தேயிலைக்கு மேலே புல்லுக்கட்டு மட்டும் கொஞ்ச தூரம் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. கீழே ராச்சோற்றுக்கு அடுப்பு மூட்டிவிட்டார்கள். புகை கிளம்பி, மழையில் மேலே எழும்ப முடியாமல், லயத்துக் கூரை நெடுகிலும் படிந்து கிடந்தது.