திருப்பிக் கொடுக்கும் வாரம்

கற்றுக்கொண்டதையெல்லாம் திருப்பிக் கொடுக்கும் வாரம் அது. சொல்லிக்கொடுத்தவர்களே பாத்திரத்தோடு வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். பிறக்கும்போதே கூட வந்தது மட்டும் அவரவருக்கு.

கொடுக்க மாட்டேன் என்றும் சொல்லலாம். சொன்னால், கேட்டு வந்தவரைக் கீழே நிற்கும் வேனில் ஏற்றிவிடுவார்கள். ஏறியவர் யாரும் இறங்கியதில்லை. சொல்லிக்கொடுத்தவர் செத்துப்போயிருந்தால் பிழைத்தோம். அந்த வாரம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களை ஜனங்கள் அப்படி ஆசை ஆசையாகப் படித்தார்கள்.

எதிர்வீட்டு ஜெயக்கொடிக்குத் தன் கைப்பக்குவம் பிறவியிலேயே வந்தது என்று நினைப்பு. சும்மா சொல்லக்கூடாது, ஊரே அதை நம்பியது. திங்கட்கிழமை அவள் மாமியார் ஒரு தூக்குவாளியோடு வந்தாள். அன்றைக்கு மதியம் ஜெயக்கொடி அரிசியை அடுப்பில் வைத்துவிட்டு, தண்ணீர் எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உனக்கென்னடி பயம்?" என்றாள் ஜெயக்கொடி வசுமதியிடம். "பெத்த பாசத்தை யாராச்சும் சொல்லிக்குடுத்தா வருது? அது தானா வர்றது."

வசுமதிக்குத் தானாக வரவில்லை. இதை அவள் கட்டிய புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. மகள் குழலி பிறந்தபோது, பஸ்ஸில் நிற்கிற யாரோ மடியில் கொடுத்து வைத்த பையைப் போலத்தான் அவளை வைத்திருந்தாள். எப்போது வந்து வாங்கிக்கொள்வார்கள் என்று இருந்தது. ஆஸ்பத்திரி நர்ஸ் ரோசலின் சிஸ்டர்தான் பக்கத்தில் உட்கார்ந்து, தலைக்குக் கீழே கை கொடுக்கவும், உச்சியை முகர்ந்து பார்க்கவும், பேச்சுக் கொடுக்கவும் பழக்கினாள். இன்று குழலிக்கு ஆறு வயது. அவள் தும்மினால் வசுமதிக்கு நெஞ்சு பதறும்.

ரோசலின் சிஸ்டர் செத்துப்போயிருக்க வேண்டும் என்று வசுமதி சாமியைக் கும்பிட்டாள். அப்படிக் கும்பிட்டதற்குக் கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை, பால்கனியிலிருந்து பார்த்தபோது, ரோசலின் சிஸ்டர் வெள்ளைப் புடவையில் வாசலைக் கடந்து வந்துகொண்டிருந்தாள். கையில் சின்னதாக ஒரு கிண்ணம்.

வசுமதி குழலியை அடுக்களையில் தள்ளிக் கதவைச் சாத்தினாள். வாசல் கதவைப் பூட்டப் போனாள். பூட்டத் தெரியவில்லை. முந்தின நாள்தான் அவள் அப்பா வந்து, "கோவிச்சுக்காத தாயி" என்று சொல்லி அதை வாங்கிக்கொண்டு போயிருந்தார்.

படிகளாவது நீளட்டும் என்று வேண்டினாள். நீண்டன. மூன்றாவது மாடி ஏழாவது மாடி ஆயிற்று. பிறகு பதினொன்று. ரோசலின் சிஸ்டர் மூச்சு வாங்காமல் ஏறி வந்தாள்.

"நல்லாருக்கியாம்மா?"

"குடுக்க முடியாது சிஸ்டர்."

"வேன் வாசல்லயே நிக்குதும்மா. எனக்கும் வீட்ல ஆளுங்க இருக்காங்க."

வசுமதி அழுதுகொண்டே கொடுத்தாள். கிண்ணத்தின் அடிதான் நனைந்தது. ரோசலின் சிஸ்டர் சாய்த்துப் பார்த்தாள். "சரியா இருக்கு" என்றாள்.

"அவ்வளவுதானா?" வசுமதி நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் அப்படியே இருந்தது. "பாக்கி?"

"நான் தூக்கவும் கொஞ்சவும்தானே சொல்லிக்குடுத்தேன். பாக்கி என்னுது இல்ல."

"அப்போ தானா வந்ததா?" வசுமதிக்குச் சந்தோஷத்தில் தலை சுற்றியது.

ரோசலின் சிஸ்டர் அடுக்களைப் பக்கம் பார்த்தாள்.

கதவு திறந்தது. குழலி பள்ளிக்கூட டிபன் டப்பாவோடு வந்தாள். டப்பா காலியாக இருந்தது.

"அம்மா, நான் குட்டிப் பாப்பாவா இருந்தப்போ உன் வெரலப் புடிச்சேன்ல? நீ இழுத்தே. நான் விடல."

"ஆமாடி தங்கம்."

"தெனமும் புடிச்சேன்ல? அது நான் சொல்லிக்குடுத்தது."

கீழே வேன்காரன் ஹாரன் அடித்தான். படிகள் மளமளவென்று குறைந்து பழையபடி மூன்று மாடி ஆயின. யாரோ இரண்டு பேர் ஏறி வரும் சத்தம் கேட்டது.

கொடுக்காவிட்டால் குழலி வேனில் போவாள். ஐயோ, அந்தப் பிள்ளைமேல் உயிரையே வைத்திருந்ததால்தான் வசுமதி கொடுத்தாள். டப்பா கொள்ளவில்லை. மதியச் சோற்றை அமுக்குவது போல் கரண்டியால் அமுக்கினாள். கடைசிவரை குழலியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூடி டக்கென்று மூடிக்கொண்டது.

ஏறி வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போனார்கள். ரோசலின் சிஸ்டரும் கிளம்பினாள்.

வீட்டுக்குள் யாரோ ஒரு சிறுமி நின்றுகொண்டிருந்தாள். பார்க்க லட்சணமாக இருந்தாள். டப்பாவை நெஞ்சோடு கட்டிப் பிடித்திருந்தாள். எதற்கோ அழுதாள்.

"யாரு பாப்பா நீ? எந்த வீடு?"

"இந்த வீடுதான் ஆன்ட்டி" என்றாள் சிறுமி. மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வெரல நீட்டுங்க."

வசுமதிக்குப் பயமாக இருந்தது. யார் வீட்டுப் பிள்ளையோ, என்ன வம்போ. இருந்தாலும் ஒரே ஒரு விரலை நீட்டினாள்.

சிறுமி பிடித்துக்கொண்டாள். வசுமதி இழுத்தாள். சிறுமி விடவில்லை.

கீழே வேன் இன்னும் நின்றுகொண்டிருந்தது.