நாற்பது நீலக் கோட்டுகள்

மத்திகிரிப் பக்கத்து நாய்க் காப்பகத்தில் அந்தப் பெட்டை நாய் ஒரு மாதமாக யாரிடமும் போகவில்லை. பைபாஸில் லாரி அடித்ததில் பின்னங்கால் ஒன்று ஊன்ற முடியாமல் போயிருந்தது. வளர்க்க ஆசைப்பட்டு வந்தவர்கள் பிஸ்கட் நீட்டினால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும்.

லாவண்யா காலை ஷிஃப்ட் முடிந்த கையோடு, கம்பெனியின் நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து தரையில் உட்கார்ந்தாள். நாய் எழுந்தது. மூன்று காலில் தத்தித் தத்தி வந்து அவள் மடியில் தலையை வைத்தது.

"என்னக்கா மந்திரம் போட்டீங்க?" என்றாள் காப்பகத்தில் வேலை பார்க்கும் காவேரி.

லாவண்யா நாயின் தலையைத் தடவினாள். விருதுநகரிலிருந்து வேலைக்கு வந்த இந்த மூன்று வருஷத்தில் அவளைத் தேடி ஒரு உயிர் வந்ததில்லை. அன்றைக்கே கையெழுத்துப் போட்டு, ஆட்டோவில் ஏற்றி, பாகலூர் ரோட்டில் இருந்த தன் ஒற்றை அறைக்குக் கூட்டிவந்தாள். செம்பி என்று பெயர் வைத்தாள்.

வீட்டுக்காரம்மா மாரம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"கட்டிப்போட்டு ஊளையிட வெக்கிற வேலையெல்லாம் இங்க ஆகாது. பத்து நாள் பாக்கறேன். அவுத்து வுட்டா உங்கிட்டத் தங்கணும். இல்லேன்னா எங்கிருந்து கொண்டாந்தியோ அங்கயே வுட்டுரு."

அதுவரை ஷிஃப்ட் முடிந்து வந்ததும் கோட்டோடுதான் சோறு வைத்தாள்; வார லீவு அன்றுதான் குட்டு உடைந்தது. கோட்டைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு, நைட்டியில் சோற்றுத் தட்டோடு வந்தாள் லாவண்யா. செம்பி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் பதுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து மெல்ல வந்து, தண்ணீர் சொட்டுகிற கோட்டுக்கு அடியில் சுருண்டு படுத்தது.

காவேரிக்குப் போன் போட்டாள்.

"இப்பத்தாங்க்கா விசாரிச்சேன். அடிபடறதுக்கு முன்ன அது ஏதோ கம்பெனி கேட்டுல கெடந்துச்சாம். கோட்டுப் போட்ட பொண்ணுங்கதான் டிபன் பாக்ஸ்ல மிஞ்சினத வெப்பாங்களாம்."

கேட்டுக்கொண்டிருந்த மாரம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "அது உன்னையா நம்பி வந்துச்சு? உன் கோட்ட நம்பி வந்துச்சு! கொடியிலயே தொங்க வுடு, கோட்டே வளத்துக்கும்."

லாவண்யா அன்றிலிருந்து வீடு வந்ததும் கோட்டைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டுத்தான் சோறு வைத்தாள். அவள் கண் மறைந்த பிறகே செம்பி தட்டைத் தொட்டது. ஒன்பதாம் நாள் அவள் உட்கார்ந்திருக்கும்போதே, நாலடி தள்ளி நின்று தின்றது. அவ்வளவுதான்.

பத்தாம் நாள் கம்பெனியில் பழைய கோட்டுகளை வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் புதுசு கொடுத்தார்கள். லாவண்யா கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்போது மாரம்மா ஸ்டாப்பிலேயே நின்றிருந்தாள். மூச்சு வாங்கியது. லாவண்யா அவள் தோளைத் தொட்டாள்.

"உன் நாய் வூட்ட வுட்டுக் கெளம்பிருச்சும்மா. பின்னாலயே ஓடியாந்தேன். அங்க பாரு, நான் சொன்னேனா இல்லியா?"

ரெண்டு பஸ் ஆட்கள் ஒன்றாக இறங்கியிருந்தார்கள். நாற்பது பெண்கள். நாற்பதும் புதுத்துணி வாசம் போகாத நீலக் கோட்டு. லாவண்யா உட்பட எல்லோருக்கும் தலையில் தொப்பி, ரோட்டுப் புழுதிக்கு முகத்தில் மாஸ்க். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. நடுவில் செம்பி.

ஒருத்தி "ச்சூ ச்சூ" என்றாள். இன்னொருத்தி பையிலிருந்து பன்னை எடுத்து நீட்டினாள். லாவண்யா கூப்பிட வாயெடுத்தாள், கூப்பிடவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றிருந்தது.

செம்பி பன்னை மோந்தது. தாண்டிவிட்டது. ஒரு கோட்டு, அடுத்த கோட்டு, அதற்கும் அடுத்தது. ஒவ்வொன்றின் ஓரத்திலும் மூக்கை வைத்து, இல்லை இல்லை என்பதுபோல நகர்ந்து வந்தது. லாரிகள் ஹாரன் அடித்துப் போயின. அது தலையைத் திருப்பவே இல்லை.

லாவண்யாவின் காலடிக்கு வந்ததும் நின்றது. அவள் பாதத்தின் மேலேயே உட்கார்ந்து, முழு பாரத்தையும் அவள் முழங்காலில் சாய்த்தது.

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்தச் சின்ன மூக்குக்குள் தன்னைத் தனியாக எங்கே எழுதி வைத்திருக்கிறது? புதுத்துணி வாசத்துக்கும் டீசல் புகைக்கும் அடியில், தனக்கே தெரியாத எந்த வாசம் அது?

பொத்தான்களைக் கழற்றினாள். கோட்டு நழுவிப் புழுதியில் விழுந்தது. செம்பி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

மாரம்மா குனிந்து கோட்டை எடுத்து, உதறி, மடித்துத் தன் கையில் போட்டுக்கொண்டாள்.

"இத நான் எடுத்தாறேன். நீங்க ரெண்டு பேரும் முன்ன நடங்க. வூட்டுக்குப் போலாம்."