பொரித்த எண்ணெயும் கம்பனி லொறியும்

என் வெங்காயத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டு தரம் தண்ணீர் வேண்டும். கற்பிட்டி மண் வெறும் மணல். காலையில் இறைத்தது மாலைக்கு நிற்காது. அந்த வருடமோ, இரண்டாயிரத்து இருபத்திரண்டு, நாட்டிலேயே டீசல் இல்லை. மூன்று நாள் வரிசையில் காய்ந்தவர்கள் வெறும் கேனோடு வீடு திரும்பினார்கள். நான் கைக்குக் கிடைத்த ஒரு போத்தல் டீசலோடு வரிசையை விட்டு எழும்பி வந்துவிட்டேன். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

என் தண்ணீர் மெசின் பழைய டீசல் மெசின். புருஷன் மௌத்தாகி நான் தனித்த பிறகு அதைக் கழற்றுவதும் பூட்டுவதும் நான்தான். பொரித்து மிஞ்சிய எண்ணெயை இரண்டு நாள் அடைய விட்டு, பழைய சாரத் துணியில் வடித்தெடுத்தேன். கொஞ்ச டீசலில் மெசினை ஓட்டிச் சூடாக்கி, பிறகு எண்ணெய்க்கு மாற்றினேன். ஓடியது! தோட்டத்தில் தனியாக நின்று கைதட்டினேன். சபூராவுக்கு மூளை பிசகிவிட்டது என்று ஊரில் கதைத்தார்கள். கதைக்கட்டும்.

எண்ணெய் தந்தவர் இஸ்ஸதீன் நானா. சந்தியில் பற்றீஸ், ரோல்ஸ் பொரித்து விற்கிற கடைக்காரர். அவருக்கு என் வெங்காயம், எனக்கு அவருடைய பழைய எண்ணெய்.

நோன்பு பிறந்ததும் புதுப் பிரச்சினை வந்தது. மெசின் புகை பற்றீஸ் வாசம் அடித்தது. பகல் பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டு றிஸ்மினா வேலியால் எட்டிப் பார்த்தாள்.

"ராத்தா, நோன்போட ஆக்கள் இரிக்கிறது உங்கட மெசினுக்குத் தெரியாதா? வயிறு கத்துது!"

"மெசினுக்கு நோன்பு கடமையில்ல புள்ள" என்றேன்.

ஆனாலும் மறுநாளிலிருந்து விடியச் சுபஹ் தொழுகை முடிந்த கையோடும் பின்னேரம் அசருக்குப் பிறகும்தான் இறைத்தேன். நானும் நோன்பாளிதானே, என் வயிறும் கத்தியது.

அந்த வாரமே இஸ்ஸதீன் நானா குண்டைத் தூக்கிப் போட்டார். "இனி எண்ணெய் இல்ல சபூரா. கொழும்புக் கம்பனியொண்டுக்கு எழுதிக் குடுத்திட்டன். பழசு முழுக்கக் குடுத்தாப் புது எண்ணெய் விலை குறைச்சுத் தாறாங்க. வேற ஆளுக்கு ஒரு சொட்டும் குடுக்கேலா."

கடைக் கதவில் பச்சை இலை போட்ட ஸ்டிக்கர். பூமியைக் காப்பாற்றுகிறார்களாம்.

"அப்ப என்ட வெங்காயம் என்ன, வானத்திலயா இரிக்கி?"

அவர் ஸ்டிக்கரைக் காட்டி விளக்கம் சொன்னார். அந்த எண்ணெய் கப்பலேறி வெளிநாட்டு வாகனங்களை ஓட்டப் போகிறதாம். இங்கே ஒரு போத்தல் டீசலுக்கு மனிதர்கள் அடிபடுகிறார்கள்!

வெங்காயம் பிடுங்க இன்னும் பதினெட்டு நாள். மகளின் காதுத் தோட்டை விற்று வாங்கிய விதை. இரண்டு நாள் தண்ணீர் விடாமல் இருந்தால் தாள் நுனி வெளுக்கும், நான்காம் நாள் எல்லாம் கருகிவிடும். அழுதுகொண்டிருக்க நேரமில்லை. கடைதானே கையெழுத்துப் போட்டது, வீட்டுக் குசினிகள் போடவில்லையே. நோன்பு மாதத்தில் அசருக்குப் பிறகு அடுப்பில் பொரிக்கிற தாச்சி வைக்காத வீடு எங்கள் ஊரில் எது?

முதலில் றிஸ்மினாவிடம் போனேன். "வயித்தக் கத்த வெச்ச மெசினுக்கு எண்ணெயும் நாங்களே குடுக்கணுமா?" என்று கேட்டுக்கொண்டே போத்தலை நீட்டினாள். ஒரு வாரத்தில் இருபத்திரண்டு வீடு சேர்ந்தது. விடியும்போது என் வேலி ஓரம் போத்தல்கள் நிற்கும். வெங்காயத் தாள் பச்சையாகவே நின்றது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

கம்பனிக்கு அதுவும் மணந்துவிட்டது. பிடுங்கப் பத்து நாள் இருக்கும்போது லொறியில் கிளைட்டன் என்ற பெடியன் வந்தான். சிலாபத்துக் கத்தோலிக்கப் பிள்ளை, மரியாதையானவன்தான். லொறி நிறையத் தகரப் பரல்களில் புது எண்ணெய். கையில் வீடுகளுக்கான படிவம். ஐந்து போத்தல் பழசுக்கு ஒரு போத்தல் புதுசு. அப்போது புது எண்ணெய் விற்ற விலைக்கு யார்தான் வேண்டாமென்பார்கள்? பெண்கள் றிஸ்மினா வீட்டு வாசலில் கூடிவிட்டார்கள். வேண்டாமென்று நான் எப்படிச் சொல்வது? அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

றிஸ்மினா பேனையை வாங்கினாள். "இதில போட்டா சபூரா ராத்தாக்குக் குடுக்கேலாதா?"

"அக்ரிமென்ட் அப்பிடித்தான் அக்கா. கொஞ்சம் பொறுங்க, புது எண்ணெய இறக்கிறன்."

லொறியைக் கிட்ட எடுக்கப் போனான். அது இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. டீசல் முடிந்துவிட்டது.

கொழும்புக்குப் போனில் கோல் எடுத்தான். பரலில் கை வைக்கக் கூடாது, லொறியை விட்டுவிட்டு பஸ்ஸில் வா என்று அங்கிருந்து கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. எந்த பஸ்? அதுவும் ஓடவில்லை.

"நாளைக்குப் பெரிய வெள்ளி அக்கா. அம்மா தனிய இருக்கிறா" என்றான். கண் கலங்கியிருந்தது. "முந்தல் வரைக்கும் போனாப் போதும். அங்க சித்தப்பாட்ட டீசல் இருக்கு."

"எட்டுப் பரல் எண்ணெயச் சுமந்துக்கிட்டு எண்ணெய்க்கு அழுறீங்களே தம்பி!" என்றாள் றிஸ்மினா. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொட்டிலில் பத்து லீற்றர் வடித்து வைத்திருந்தேன். அடுத்த இரண்டு நாள் தண்ணீர் அது. ஆனாலும் தூக்கி வந்தேன். லொறி பழசு, எஞ்சின் இன்னும் சூடு. ஊற்றிவிட்டு, குழாயைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றினேன். மூன்றாம் தரம் ஸ்டார்ட் ஆனது.

றிஸ்மினா உள்ளே போய்த் தன் போத்தலைக் கொண்டுவந்து, என் வெறும் கேனுக்குள் கவிழ்த்தாள். பிறகு மற்றவள், அதற்குப் பிறகு இன்னொருத்தி. படிவத்தைக் கையெழுத்தில்லாமலே கிளைட்டனிடம் நீட்டினார்கள்.

அவன் பேர்ஸைத் திறந்தான். "எவ்வளவு அக்கா?"

"காசு வேணாம்" என்றேன். "கொழும்பில ஒரு கதை மட்டும் சொல்லுங்க. கம்பனிட லொறிய வீட்டுக்கு அனுப்பினது கற்பிட்டிப் பொம்புளைங்கட குசினி எண்டு."